முழுப் பிடி

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இவள் ஏன் இந்தக் குதி குதிக்கிறாள் என்று பிறகு யாரும் கேட்க வேண்டாம். ஆனால் சும்மா வராது. பதினோரு வருஷமாக ஒரே மெஷினில் நின்று, இரும்புத் தகடுகளை முகம் பார்க்கும் அளவுக்குச் சாணை பிடித்துக் கொடுக்கிறவள் நான். என்னிடம் வந்து, "அண்ணி, மூணும் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு" என்று ஒருத்தி சொன்னால், அதுவும் சொந்த நாத்தனாரே சொன்னால், யாருக்குத்தான் வராது?

நாத்தனார் என் கணவரின் தங்கை. எனக்கு முன்னாலேயே எங்கள் பட்டறையில் சேர்ந்தவள். செய்த பொருளை அளந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்வது அவள் வேலை. பட்டறையின் கோடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை, அதில் வழவழவென்று ஒரு கருங்கல் மேடை, அதன் மேல் மேடுபள்ளத்தை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜ், அதற்குப் பின்னால் அவள். நாங்கள் செய்கிற எதுவும் அந்த அறையைத் தாண்டித்தான் வெளியே போகும். டயலில் முள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவளும் நிற்பாள், ஒரு கோடு தள்ளி நிற்கச் சொன்னால் மாட்டாள். அதனால் பட்டறையில் அவள் பெயரே முள்ளு. கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்து எங்களோடு இருக்கிறாள். அதையும் நாலு பக்கம் அளந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்திருப்பாள்.

ஒரே பட்டறையில் வேலை, ஒரே மேஜையில் சாப்பாடு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிளந்தால் வரும் ஒரு பங்கை நாங்கள் பாயிண்ட் என்போம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாயிண்டில் பாதிக்காக நானும் அவளும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த சண்டை, சூப் ஆறிப்போய், என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற வரைக்கும் ஓடியது. அவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்ப்பவர். விடியற்காலையில் போய் மத்தியானம் வந்துவிடுவார், சாயங்காலச் சமையல் அவருடையது. சமைத்த மனுஷனுக்கு அன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்த வில்லையை வைத்து மாட்டினார். 'இந்த வீட்டில் வேலைப் பேச்சு பேசுகிறவர் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.'

இந்த ஆறு வருஷத்தில் நான் பத்தொன்பது தடவை மாட்டியிருக்கிறேன். மாவு பொங்கவில்லை என்று புலம்பி அவரே மூன்று தடவை மாட்டிக்கொண்டார். நாத்தனார் ஒரு தடவைகூட இல்லை.

எங்கள் வேலையில் தகட்டைக் கையால் பிடிப்பதில்லை, திருகு போட்டு இறுக்குவதும் இல்லை. காந்தம்தான் பிடிக்கும். சாணைக்கல்லுக்கு அடியில் கனமான இரும்பு மேடை ஒன்று இருக்கும். அதற்குக் காந்தசக்தி வந்ததும் மேலே வைத்த இரும்புத் தகடு சும்மா இழுபடுவதில்லை, அந்த நேரத்துக்கு அதுவும் ஒரு காந்தமாகவே மாறிவிடும். மேடையின் வடக்குக்குத் தன் தெற்கைக் காட்டிக்கொண்டு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பித்தளையை வைத்துப் பாருங்கள், ஏனென்று கேட்காது. இரும்புக்குத்தான் அப்படி இளகிய மனசு.

பழைய மேடையில் சுவிட்ச் கிடையாது, ஒரு கைப்பிடிதான். அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் காந்தங்கள் நகர்ந்து வந்து பிடிக்கும். வயசாகிப் பிடி தளர்ந்துபோன மேடை அது. கல்லைக் கொஞ்சம் அவசரமாக இறக்கினால் தகடு நழுவும். எனக்கு முன்னால் இருந்த ஆள் இறக்கிய இறக்கில் ஒரு தகடு பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பதம் பார்த்துவிட்டது. மூன்று நாற்பதுக்கு நின்றுபோன அந்தக் கடிகாரத்தை முதலாளி இன்றுவரை கழற்றவில்லை. எல்லோருக்கும் புத்தி வர அது வேண்டுமாம்.

அந்த மேடையில்தான் நான் மெல்லிசுத் தகடுகளைச் சாணை பிடித்தேன். மெல்லிசு என்றாலே மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். என்னிடம் வந்தால் நின்ற தண்ணீர் போல மட்டமாகத் திரும்பிப் போகும். தகட்டை வைத்ததும் நகத்தால் நாலைந்து இடத்தில் தட்டிப் பார்ப்பேன், திருப்பிப் போட்டு மறுபடி தட்டுவேன், அப்புறம்தான் கல்லை இறக்குவேன். ஏன் தட்டுகிறாய் என்று கேட்டால் பதில் தெரியாது, பழக்கம். கைராசிக்காரி என்றார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

போன மாதம் முதலாளி புது மேடை வாங்கிப் போட்டார். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள், சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் ஓடிக் காந்தமாகிவிடும். எவ்வளவு பிடி வேண்டும் என்று திருப்பிக்கொள்ள ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்ட ஒரு குமிழும் உண்டு. முதலாளி அதைப் பத்தில் வைத்து, மேலே கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றினார்.

"இனிமே முழுப் பிடிதான். இந்த டேப்பை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். தகடு அம்மிக்கல் மாதிரி அசையாமல் கிடந்தது. நகத்தால் எங்கே தட்டினாலும் ஒரே கெட்டிச் சத்தம். ரெண்டு நாளில் தட்டுவதையே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்த மெல்லிசு வேலை வந்தது. பொட்டலம் கட்டுகிற மெஷினுக்குள் சறுக்கி ஓடுகிற தகடுகள். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம், இரண்டே மில்லிமீட்டர் கனம். இரண்டு பாயிண்டுக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. பன்னிரண்டு வேண்டும், கெட்டுப்போனால் போகட்டும் என்று மூன்று கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்றை முடித்து, மெஷின் மேலேயே டயலை ஓட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை. துடைத்து, நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டீயை முடிப்பதற்குள் வாழைப்பழச் செய்தி வந்துவிட்டது.

"மெஷின் மேல நானே டயல் வெச்சுப் பார்த்தேன். ஜீரோ" என்றேன்.

"என் கல்லு மேல பதினொரு பாயிண்ட் காட்டுது அண்ணி."

"அப்ப உன் கல்லு கோணலா இருக்கும்."

அந்தக் கருங்கல் மேடையைக் கோணல் என்பது அவள் மூக்கைக் கோணல் என்பதற்குச் சமம். அது தெரிந்துதான் சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

"எடுத்துட்டு வர்ற வழியில நீ வளைச்சிருப்பே" என்றும் சொன்னேன்.

"இது பிஸ்கட் இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு, மூன்றையும் சிவப்புத் தட்டில் வைத்தாள். சிவப்புத் தட்டு என்றால் கழிவு. அவற்றில் இனிமேல் சாணை பிடிக்க மிச்சம் இல்லை, கனம் முடிந்துவிட்டது. ஆக, கூடுதல் மூன்றும் போச்சு. மீதி சரியாகப் பன்னிரண்டு.

சனிக்கிழமை முதலாளி என் மெஷின் பக்கம் வந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதை எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார்.

"புதன்கிழமை சாயங்காலம் வண்டி வந்துடும். பன்னெண்டுல ஒண்ணுகூடப் போகக் கூடாது. சரியா வரலைன்னா மெல்லிசு வேலையை எதிர்த்தெரு பட்டறைக்குக் கொடுத்துடறேன், இந்த மெஷினை வேற ஆளு பாக்கட்டும். நீங்க டிரில்லிங் பக்கம் போயிடுங்க. கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டால் கோபம் வராது என்று நினைக்கிறவர்களை என்ன செய்வது? துளை போடுவது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மெஷின் என்னுடையது. காலையில் போய் அதன் மேல் போர்த்திய துணியை எடுக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். வீட்டில் ஆயிரம் இருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்தில் நான் யார் என்று எனக்குத் தெரியும். அதைப் பிடுங்கி இன்னொருத்தர் கையில் கொடுப்பதென்றால், வேண்டாம், அதை நினைக்கக்கூடப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உப்பைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கடையிலிருந்து ஒரு பேக்கிங் தட்டைக் கொண்டுவந்திருந்தார். மெல்லிய இரும்புத் தட்டு, சூட்டில் நடுப்பகுதி உப்பிப்போய்விட்டது. கடையில் தூக்கிப்போட இருந்ததை, வீட்டுக்கு ஆகும் என்று எடுத்துவந்தாராம். குப்பையிலிருந்து எதையாவது காப்பாற்றிக்கொண்டு வராவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே ஓடாது. மேஜை மேல் அதைக் கவிழ்த்து வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் நடுவில் அழுத்தினார். தட்டு மேஜையோடு மேஜையாகப் படிந்தது.

"பாத்தியா, சரியாயிடுச்சு" என்றார். கையை எடுத்தார். டொக் என்று எழும்பிக்கொண்டது.

மறுபடி அழுத்தினார். படிந்தது. எடுத்தார். டொக்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் விரலும் நின்றிருந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது அவளுக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் வாயைத் திறக்க முடியுமா? பாத்திரம் தேய்ப்பது எனக்குப் புதுசில்லை, அதற்குப் பயமில்லை. பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தையாக, உன் கல்லு கோணல் இல்லை, நான் சொன்னது தப்பு என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் மனசு வரவில்லை. என் கணவர் மூன்றாவது தடவை அழுத்தினார். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி" என்றாள் நாத்தனார். "அந்தத் தகடு மேக்னெட் மேல இருக்கிறப்பவே நான் வந்து அளக்கறேன். அப்புறம் பிடியை விட்டுட்டு அங்கேயே அளக்கறேன். நீங்க சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரின்னு நினைக்கறேன்."

என் கணவரின் கை தட்டின் மேலேயே இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து, காலையிலிருந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பழக்கமெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

"கல்லு கோணல் இல்ல" என்றேன் அவள் முதுகைப் பார்த்து.

"இதுவும் வேலைப் பேச்சுதான்" என்றார் என் கணவர்.

"எந்தக் கல்லுன்னு சொன்னேனா?"

போனால் போகிறதென்று விட்டுவிட்டார். நாத்தனாரின் தோள் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன்பே போய்விட்டோம். அவள் டயல் கேஜைக் கையில் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்ததைப் பார்த்து, டிரில்லிங் மெஷின்காரர், "முள்ளு கூண்டை விட்டு வந்துடுச்சே, மழை வருமா?" என்றார். சிவப்புத் தட்டிலிருந்த தகடு ஒன்றை என் மேடையில் வைத்தேன். டயல் முனையைத் தகட்டின் நடுவில் தொடவைத்து அவள் குனிந்துகொண்டாள்.

"போடுங்க."

சுவிட்சைப் போட்டேன். தப் என்று ஒரு சின்னச் சத்தம். முள் சரிந்து பூஜ்யத்தில் நின்றது.

"எடுங்க."

எடுத்தேன். முள் மெதுவாக ஏறி, பதினொன்றில் போய் உட்கார்ந்தது.

போட்டோம், எடுத்தோம், போட்டோம், எடுத்தோம். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள் குழந்தை கையில் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி ஏழெட்டுத் தடவை அதையே செய்தோம். விஷயம் இவ்வளவுதான். எந்த மெல்லிசுத் தகடும் வரும்போதே துளி வளைந்துதான் வரும். நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். காந்தத்துக்குக் கிட்ட வர வர வெறி, இடைவெளி குறையக் குறைய இழுப்பு ஏறும். முழுப் பிடியில் நடுப்பகுதியை உறிஞ்சிப் பிடித்து மேடையோடு அப்பிவிடும். நான் அப்பிக் கிடக்கும் தகட்டைத்தான் மட்டமாகச் சாணை பிடிக்கிறேன். பிடியை விட்டதும் தகடு தன் பழைய குணத்துக்குப் போய்விடுகிறது. என் கண்ணுக்கு முன்னால் மட்டமாக இருந்ததும் உண்மை, அவள் கல் மேல் வளைந்திருந்ததும் உண்மை.

அப்போது இன்னொன்றும் புரிந்தது. பழைய மேடைக்குத் தகட்டை அப்பிப் பிடிக்கிற தெம்பே இல்லை. வளைந்த தகடு வளைந்தபடியே உட்கார்ந்திருந்தது, சாணைக்கல் மேட்டை மட்டும் தேய்த்தது, அதனால் மட்டமாக வந்தது. அப்படியென்றால் பதினோரு வருஷமாக ஊரே மெச்சிய என் கைராசி? அந்தக் கிழட்டுக் காந்தத்தின் சோம்பேறித்தனம்தானா? நாத்தனார் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இது அவளுக்குத் தோன்றாமல் இருக்குமா? எனக்கு உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

குடைச்சலைப் பார்க்க நேரமில்லை. கறுப்பு டேப்பை உரித்தேன். குமிழை மூன்றில் வைத்தேன். உரித்த டேப் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே முதலாளி உள்ளே வந்தார்.

அவர் ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி தெரியும்" என்றேன். "மூணு நாப்பது. பதினோரு வருஷமா மூணு நாப்பதுதான். கொஞ்சம் இங்க வாங்க."

நல்ல கனமான இரும்புக் கட்டைகள் நாலை எடுத்து, தகட்டின் நாலு பக்கமும் ஒட்டி வைத்துச் சுவிட்சைப் போட்டேன். கட்டை கனமானது, அகலமாகப் படியும். மூன்றிலேயே காந்தம் அதை விடாது. தகடு அந்த நாலுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது.

"தள்ளுங்க" என்றேன்.

முதலாளி ஒரு விரலால் தள்ளினார். பிறகு கட்டை விரலால். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் வைத்து, காது சிவக்கத் தள்ளினார். தகடு அசையவில்லை.

"ம்" என்றார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். "கல்லு ஓடுறப்ப எதிர்ல யாரும் நிக்கக் கூடாது." அவ்வளவுதான், போய்விட்டார்.

ஆனால் மூன்றில் வைத்தாலும் புது மேடை பழையதைவிட ரோஷக்காரி, தகட்டைக் கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது. நடுவில் இருக்கும் இடைவெளியை எதையாவது வைத்து அடைத்துவிட்டால் இழுத்தாலும் கீழே போக இடம் இருக்காது. பில் புத்தகத்திலிருந்து காகிதம் கிழித்து வைத்தேன். சாணை பிடிக்கும்போது சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். ஐந்தே நிமிஷத்தில் காகிதம் கூழாகிவிட்டது. நல்லவேளை, கல் இன்னும் தகட்டைத் தொடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஒன்றும் பேசாமல் சமையலறை அலமாரியைத் திறந்தேன். ரொட்டி ஒட்டாமல் இருக்கத் தட்டில் விரிக்கிற காகிதம் ஒரு சுருள் இருந்தது. குழாயில் நனைத்துப் பார்த்தேன், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கேட்டா பேச்சாயிடும்" என்றார். "கேக்கல."

செவ்வாய்க்கிழமை காலையில் நாத்தனார் அந்தக் காகிதத்தை மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தாள். "அஞ்சு பாயிண்ட். எங்க அளந்தாலும் அஞ்சு. அண்ணன் நல்ல காகிதம்தான் வாங்கறாரு."

காந்தத்தைப் போடாமல் முதல் தகட்டை மேடையில் வைத்தேன். என் நகம் தானாகப் போய்த் தட்டியது. ஓரத்தில் கெட்டிச் சத்தம், நடுவில் அடியில் காலி என்று சொல்லும் பொத்தல் சத்தம். அப்போதுதான் இத்தனை வருஷமாக எதற்குத் தட்டினேன் என்று எனக்கே தெரிந்தது. பொத்தல் சத்தம் கேட்ட இடத்தில் இரண்டு காகிதம், அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று. மறுபடி தட்டினேன். எங்கும் கெட்டி. இப்போது காந்தத்தைப் போட்டேன். தப் சத்தம் வரவில்லை. கல்லைப் பூ வைப்பது போல இறக்கினேன். ஒரு முகம் மட்டமானதும் திருப்பிப் போட்டேன். மட்டமான முகம் மேடையில் முழுசாகப் படிகிறது, இடைவெளியே இல்லை, இழுக்க ஒன்றும் இல்லை. இனிமேல் காந்தம் எவ்வளவு பிடித்தாலும் அதன் பாடு.

பன்னிரண்டும் பன்னிரண்டு தினுசு. ஒன்றுக்கு நடுவில் காகிதம், ஒன்றுக்கு மூலையில், ஒன்று முறுக்கிக்கொண்டு இரண்டு எதிர் மூலையில் கேட்டது. சாயங்காலம் வரை வேறு எதையும் நினைக்கவில்லை. இடுப்பு வலித்தது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஆனாலும் நல்ல நாள் என்று சொன்னால் அதுதான் நல்ல நாள்.

புதன்கிழமை காலை பன்னிரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தகட்டைக் கையில் எடுத்ததுமே திருப்பித் தந்தாள்.

"முடி ஒட்டியிருக்கு."

முடி என்றால் இரும்புத்தூள். காந்தத்தை விட்டு எடுத்த பிறகும் இரும்பு அதைச் சட்டென்று மறக்காது, கொஞ்ச நேரம் தானும் காந்தம் என்ற நினைப்பிலேயே இருக்கும். அந்த நினைப்பைக் கலைக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதன் மேல் பன்னிரண்டையும் இழுத்துத் துடைத்து, மறுபடி கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து, டயலை ஓட்டி, நோட்டில் எழுதி, பச்சைத் தட்டில் வைத்தாள். ஒன்று. இரண்டு. ஏழாவதில் முள் கொஞ்சம் தயங்கியது. அவள் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். பச்சையில் வைத்தாள். பன்னிரண்டாவதையும் பச்சையில் வைத்தாள்.

"ஏழாவது ஒண்ணரை. மத்ததெல்லாம் ஒண்ணுக்குள்ள" என்றாள், முதலாளிக்கும் கேட்கும்படி.

முதலாளி வந்து பச்சைத் தட்டைப் பார்த்தார். அப்புறம் என் மெஷினிடம் போய், குமிழுக்குப் பக்கத்தில் புது டேப் ஒரு துண்டு ஒட்டி, 'மெல்லிசுக்கு மூன்று, கட்டையோடு' என்று எழுதினார். "துணியை நல்லா மூடிட்டுப் போங்க, தூசி விழுது" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு. மெஷின் உங்களுடையதுதான் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் திங்கட்கிழமைக் குடைச்சல் உள்ளேயே இருந்தது. சூப் நன்றாக இருந்தது. உப்பிய பேக்கிங் தட்டு மேஜை நடுவில் ரொட்டியோடு ஆடிக்கொண்டிருந்தது. பாதிச் சாப்பாட்டில் எனக்குப் பொறுக்கவில்லை.

"பதினோரு வருஷமா என் கைராசி, கைராசின்னாங்களே, அது என் கையே இல்ல" என்றேன். "அந்தப் பழைய மேக்னெட் சோப்ளாங்கியா இருந்துச்சு, தகட்டை இழுக்கத் தெம்பில்ல, அதனால மட்டமா வந்துச்சு. அவ்வளவுதான். நான் சும்மா நின்னிருக்கேன்."

என் கணவர் கரண்டியாலேயே ஃப்ரிட்ஜைக் காட்டினார்.

"தேய்க்கறேன், தேய்க்கறேன். தெரிஞ்சுதான் சொன்னேன்."

நாத்தனார் வாயிலிருந்ததை நிதானமாக மென்று முடித்தாள். தண்ணீர் குடித்தாள்.

"அதே மேக்னெட்டுல உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் ஓட்டினாங்க" என்றாள். "அவங்க மெல்லிசையும் நான்தான் அளந்தேன். நோட்டு இன்னும் இருக்கு. திங்கக்கிழமையே எடுத்துப் பார்த்தேன். நூறு தகடுன்னா நாப்பது தேறும், ஒரு நல்ல மாசத்துல நாப்பத்திரண்டு. உங்களுது தொண்ணூத்தெட்டு."

இவள் ஆறுதலுக்காக ஒரு பாயிண்டைக்கூட ஏற்றியும் சொல்லமாட்டாள், இறக்கியும் சொல்லமாட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"மீதி ரெண்டு?" என்றேன்.

"தேதி பார்த்தேன். எல்லாம் நீங்க கோவத்துல இருந்த நாளு."

என் கணவர் சிரித்த சிரிப்பில் சூப் சிந்தியது. பிறகு தங்கையைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார்.

"தெரியும்" என்றாள் அவள். "இன்னொரு வாரம்."

நான் தேய்த்தேன், அவள் துடைத்தாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓரத்தில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுக்கினாள். மூன்றைத் தேறாது என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வாங்கி, மறுபடி தேய்த்துக் கொடுத்தேன்.